மாதாவுக்கு எங்கள் தெருவில் ஒயர் தடுக்கிறது

கிறிஸ்தவத்தில் சாதி கிடையாது. இந்த நற்செய்தி எனக்கு மூன்று வாயால் அறிவிக்கப்பட்டிருக்கிறது. பிரசங்க மேடையிலிருந்து சாமியார் அறிவித்தார். கேட்டுவிட்டு நாங்கள் எங்கள் பக்கத்து வாசல் வழியாக வெளியே வந்தோம். தாசில்தார் அலுவலகத்தில் அறிவித்தார்கள். அறிவித்த கையோடு என் மகளின் சாதிச் சான்றிதழ் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாவதாக, வெளியூர்த் தரகர் ஒருவர் விவரம் தெரியாமல் என் அண்ணன் மகனுக்குப் பெரிய தெருவில் பெண் கேட்கப் போனபோது அறிவித்தார்கள். "நம்ம வேதத்துல ஏதுங்க சாதி? நாங்க சொந்தத்துக்குள்ளயே முடிச்சிக்கிறது வழக்கம்" என்று சொல்லி மோர் கொடுத்து அனுப்பினார்கள். மோர், பேப்பர் கப்பில்.

திருச்சபை, சர்க்கார், சம்பந்தி வீடு. வேறு எந்த விஷயத்திலும் ஒத்துப்போகாத இந்த மூன்று பேரும் இந்த ஒரு வாக்கியத்தில் மட்டும் ஒரே குரலாக இருக்கிறார்கள். இந்தத் திரித்துவத்தின் முன்னால் முழங்காலில் நின்றபடிதான் நான் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறேன்.

பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பதில் ஒரு சிரமமும் இல்லை. பள்ளிக்கூடம் போகும் முன்பே பாடமாகிவிடும். கோவிலுக்குள் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பதுதான் பெரும்பாடு. எங்கேயும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைத்தால் டிவிக்காரன் மைக்கோடு வந்து நிற்பான். என் மகன் சின்னவனாக இருந்தபோது ஒரு நாள் நேராக ஓடிப்போய் முன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். யாரும் அதட்டவில்லை, இது நாகரிகக் காலம். அந்த பெஞ்சில் இருந்தவர்கள் மட்டும், ஃபேன் காற்று வரவில்லை என்று ஒவ்வொருவராக எழுந்து வேறு பக்கம் போனார்கள். பூசை முடிகையில் அத்தனை நீள பெஞ்சில் அவன் மட்டும் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தான். "அம்மா, எனக்கு எவ்ளோ இடம் பாத்தியா!" என்றான். பெற்றவள் அந்தச் சந்தோஷத்தைக் கெடுக்க வேண்டும். கெடுத்தேன். அதற்குப் பெயர் வளர்ப்பு.

பிறகு பீடச் சிறுவனாக ஆசைப்பட்டான். அங்கி அளவு சரியாக இல்லை என்றார்கள். நானே தைத்துத் தருகிறேன் என்றேன். அளவு பிரச்சினை உடனே தீர்ந்து, பயிற்சி முடிந்துவிட்டது என்ற பிரச்சினை வந்தது. கர்த்தருடைய ராஜ்ஜியத்தில் நுழைய ஒட்டகத்துக்காவது ஊசியின் காது இருக்கிறது.

பெரிய வியாழன் சங்கதி இன்னும் ருசியானது. புதிதாக வந்த இளம் சாமியார், வெளிமாவட்டத்துக்காரர், பாதம் கழுவும் பன்னிரண்டு பேரில் இரண்டு பேரை எங்கள் தெருவிலிருந்து எடுத்தார். என் வீட்டுக்காரர் அதில் ஒருவர். காலையிலிருந்து குதிகாலைக் கல்லில் தேய்த்துக்கொண்டிருந்தார், பாவம். மாலையில் பார்த்தால் மற்ற பத்துப் பேரில் பலருக்கு முட்டிவலி, சிலருக்கு அவசர வெளியூர்ப் பயணம். யூதாஸ்கூட உட்கார்ந்த பந்தி அது. முப்பது காசுக்கு ஆண்டவரை விற்றவன் பக்கத்தில் உட்காரப் பேதுருவுக்குக் கூச்சமில்லை. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார எங்கள் ஊர் அப்போஸ்தலர்களுக்கு முடியவில்லை. கடைசியில் விடுதிப் பிள்ளைகளைக் கூட்டி வந்து எண்ணிக்கையைச் சரிக்கட்டினார்கள். அந்தச் சாமியாருக்கு அடுத்த மாற்றல் பட்டியலிலேயே வேறு பங்கு.

தேருக்கு வருகிறேன். எங்கள் பங்கில் மாதா தேர், சம்மனசு தேர் என்று ராத்திரி முழுக்க பவனி, வாணவேடிக்கை, பேண்டு. எங்கள் தெருவுக்கு மட்டும் வராது. காரணம் கேட்டால் சாதி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நம் வேதத்தில்தான் அது இல்லையே. "தெரு குறுகல்மா." நெல் அறுக்கிற மெஷின் வருகிறது, தண்ணீர் லாரி வருகிறது, ஓட்டுக் கேட்க வேன் மேல் நின்றுகொண்டு வேட்பாளர் வருகிறார். "கரண்டு ஒயர் தாழ்வா இருக்கு, மாதா முடி மாட்டிக்கும்." ஏரோது துரத்தியபோது கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துவரை போன அம்மாவுக்கு எங்கள் தெருமுனை ஒயர் பெரிய தடையாகிப்போனது. மின்வாரியத்தில் மனு எழுதிக் கொடுத்தோம், ஆள் வந்து ஒயரை இழுத்துக் கட்டிவிட்டும் போனார். அந்த வருஷம் தேரின் அச்சு பழுது என்றார்கள். பெரிய தெருவில் மட்டும் அச்சு நன்றாக ஓடியது.

சரி, தேர் வராவிட்டால் போகட்டும், திருவிழா வரியையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்றால், அதுவும் மாட்டோம் என்கிறார்கள். வெளியூரில் இருப்பவர்களுக்கு இதன் சூட்சுமம் புரியாது. தலைக்கட்டு வரி கட்டினால் நாம் ஊர். ஊர் என்றால் தேருக்குத் தோள் கொடுக்கலாம், கூட்டத்தில் கேள்வி கேட்கலாம், தேர் எங்கள் தெருவுக்கு ஏன் வரவில்லை என்று கணக்குக் கேட்கலாம். ஆகையால் வரி வேண்டாம். அன்பளிப்பாக உண்டியலில் போடுங்கள், ஆண்டவர் ஆசீர்வதிப்பார். உண்டியலுக்குத் தீட்டுக் கிடையாது, ரசீதுக்கு உண்டு. இந்த உலகத்தில் வரி கட்டாமல் தப்பிக்கக் கோர்ட்டுக்குப் போகிறவர்கள் ஆயிரம். வரி கட்ட அனுமதி கொடுங்கள் என்று கோர்ட்டுக்குப் போகிற ஒரே சனம் நாங்கள்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. திருச்சி மாவட்டம் கோட்டப்பாளையத்தில் வரியிலிருந்தும் திருவிழாவிலிருந்தும் ஒதுக்கப்படுகிறோம் என்று தலித் கத்தோலிக்கர் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போய், அங்கே நிற்காமல் உச்ச நீதிமன்றம்வரை போயிருக்கிறார்கள். 2025இல் நோட்டீஸ் அனுப்பப்பட்டிருக்கிறது. ஒரு கிராமத்துக் கோவிலின் வரி நோட்டைத் திறந்து பார்க்க டில்லிக்குப் போக வேண்டியிருக்கிறது. மேய்ப்பர்கள் பக்கத்து ஊரிலேயே இருக்கிறார்கள்.

இனி சாவு. எங்கள் மாமியார் செத்தபோதுதான் என் மகள் தூம்பாவைக் கிட்டத்தில் பார்த்தாள். பிணத்தை வைத்துக் கொண்டுபோகும் வண்டி. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்த சாமான். எங்கள் பங்கில் அது இரண்டு. ஒன்று கோவில் ஷெட்டுக்குள்ளே, பித்தளைச் சிலுவை வைத்தது. இன்னொன்று ஷெட்டுக்கு வெளியே, தார்ப்பாய் போட்டு. எங்களுக்கு எது என்று சொல்லத் தேவையில்லை. மகள் கேட்டாள்: "பாட்டி செத்துப்போச்சு, அதுக்குத்தான் எந்த வண்டின்னு தெரியாதே, அப்புறம் யாருக்காகம்மா ரெண்டு?" ஞானோபதேச வகுப்பில் அவள்தான் முதல் பரிசு. இந்தக் கேள்வி பாடத்தில் இல்லை.

கல்லறையில் குறுக்குச் சுவர் உள்ள ஊர்கள் இன்னமும் இருக்கின்றன. திருச்சி மேலப்புதூர்ச் சுவர் பத்திரிகையெல்லாம் பார்த்த பிரபல சுவர். மற்றவை அவ்வளவு புகழ் பெறவில்லை. எங்கள் ஊரிலும் ஒன்று உண்டு. நவம்பர் 2, கல்லறைத் திருநாள் வந்தால் அந்தச் சுவருக்கு வருஷா வருஷம் சுண்ணாம்பு அடிப்பார்கள். சாமியார் அந்தப் பக்கம் மந்திரித்துவிட்டு, தீர்த்தம் மிச்சமிருந்தால் இந்தப் பக்கம் வருவார். உயிர்த்தெழுதலை நம்புகிறவள் நான். கடைசி நாளில் எக்காளம் ஊதும்போது எங்கள் மாமியார் எழுந்து நின்றால் முதலில் கண்ணில் படப்போவது அந்தச் சுவர். எங்கள் மாமியாரைத் தெரிந்தவர்கள் அந்தச் சுவரின் ஆயுசைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

அதே நவம்பரின் இரண்டாவது ஞாயிறு 'தலித் விடுதலை ஞாயிறு'. சுண்ணாம்பு காய்வதற்குள் விடுதலை வந்துவிடும். அன்றைக்கு மன்றாட்டில் எங்களுக்காக ஒரு வரி உண்டு. சில வருஷம் அதை வாசிக்க எங்கள் பெண் ஒருத்தியையே கூப்பிடுவார்கள். ஆகஸ்ட் 10 வந்தால் இதைவிட விசேஷம். மறைமாவட்டமே கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு, தலித் கிறிஸ்தவர்களுக்கு நீதி கொடு என்று மத்திய சர்க்காரைப் பார்த்துக் கோஷம் போடும். நானும் போயிருக்கிறேன், கோஷம் நியாயமானது, தொண்டை கிழியக் கத்தியும் இருக்கிறேன். ஆனால் டில்லிக்குக் கறுப்பு பேட்ஜும் கல்லறைச் சுவருக்கு வெள்ளைச் சுண்ணாம்பும் ஒரே அலுவலகத்தின் செலவுக் கணக்கில் எப்படி வருகிறது என்பதுதான் எனக்கு விளங்காத தேவ ரகசியம்.

அந்த ஆகஸ்ட் 10க்கும் ஒரு கதை உண்டு. 1950இல் அதே நாளில் குடியரசுத் தலைவர் ஆணை ஒன்று வந்தது. அதன் மூன்றாவது பத்தி, இந்து அல்லாத எவரும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார் என்றது. 1956இல் சீக்கியருக்கு விலக்கு கிடைத்தது, 1990இல் பௌத்தருக்கு. எங்களுக்கும் முஸ்லிம்களுக்கும் இல்லை. ஞானஸ்நானத் தண்ணீரை நெற்றியில் ஊற்றிய உடனே அரசாங்கத்தின் கண்ணுக்கு எங்கள் சாதி கரைந்துவிடுகிறது. பெரிய தெருவின் கண்ணுக்கு மட்டும் கரைவதில்லை. எனவே தண்ணீரில் குற்றமில்லை.

சென்னையில் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த சூசையின் வழக்கைப் பற்றி எங்கள் பள்ளிக்கூடத்துச் சிஸ்டர் ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தெருவோரச் செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசாங்கம் இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது. சூசைக்கு இல்லை, அவர் கிறிஸ்தவர். 1985இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: மதம் மாறிய பிறகும் அதே சாதிக் கொடுமை அதே ஆழத்தில் தொடர்கிறது என்பதற்குப் போதுமான ஆதாரம் காட்டப்படவில்லை. அய்யா, சாட்சிக்கு ஆள் வேண்டுமென்றால் எங்கள் சுவரைக் கூப்பிட்டிருக்கலாம். தூம்பாவை உருட்டிக்கொண்டு வந்து கூண்டில் நிறுத்தியிருக்கலாம். இரண்டும் பொய் சொல்லத் தெரியாதவை.

பிறகு கமிஷன்கள். ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007இல், பட்டியல் சாதி அந்தஸ்தை மதத்திலிருந்து பிரித்துவிடுங்கள் என்று அறிக்கை கொடுத்தது. அதைப் பத்திரமாக வைத்துவிட்டு, 2022இல் பாலகிருஷ்ணன் கமிஷன் போட்டார்கள், மறுபடியும் முதலிலிருந்து பார்க்க. இரண்டு வருஷத்தில் அறிக்கை என்றார்கள். அதற்குப் பிறகு அறிக்கைக்குப் பதிலாகக் காலநீட்டிப்பு வந்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டு அனுப்பியது. டில்லியில் தபால் வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறார்களா என்று யாராவது பார்த்துச் சொன்னால் தேவலை.

இதெல்லாம் காகிதம். என் வீட்டில் இது எப்படி நடக்கிறது என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் எங்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். நிலம், தோப்பு, ரைஸ்மில் உள்ளவர்களோடு என் மகள் சமமாக ஓட வேண்டும், ஓடட்டும், கெட்டிக்காரி. ஆனால் நாளைக்கு என் மகனை நடுரோட்டில் நிறுத்திச் சாதிப் பெயர் சொல்லி அடித்தால், வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவனுக்குக் கிடையாது. அடித்தவனுக்கு அவன் சாதி தெரிந்திருக்கிறது, பார்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, ஸ்டேஷனில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரியும். சட்டத்துக்குத் தெரியாது. எங்கள் ஊராட்சியைத் தனித்தொகுதி ஆக்கினாலும் அங்கே நிற்க எனக்கு உரிமையில்லை.

இதனால்தான் எங்கள் தெருவில் பல பிள்ளைகளுக்கு இரண்டு பெயர். கோவில் நோட்டில் ஆரோக்கிய மேரி, பள்ளிக்கூட நோட்டில் செல்வி. என் நாத்தனார் வீட்டில் விஏஓ விசாரணைக்கு வந்த அன்று திருஇருதய ஆண்டவர் பரணுக்கு ஏறினார். முருகன் காலண்டர் ஆணிக்கு வந்தது. நாத்தனார் நெற்றியில் விபூதி. விஏஓ சுவரில் பட வடிவத்தில் இருந்த வெள்ளைத் தடத்தைப் பார்த்தார், சிரித்தார், கையெழுத்துப் போட்டார். நல்ல மனுஷன். சேவல் கூவும் முன்பு மூன்று தடவை ஆண்டவரைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவுக்கு மோட்சத்தின் சாவியே கிடைத்தது. என் நாத்தனார் மறுதலித்தது ஒரே தடவை, கிடைத்தது ஒரு சாதிச் சான்றிதழ். அதுவும் இனி கஷ்டம். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதத்தை மாற்றிச் சொல்வது அரசியலமைப்பின் மீது செய்யும் மோசடி என்றது. பிள்ளையின் படிப்புக்காக ஒரு தாய் ஆண்டவரைப் பரணில் வைத்தால் மோசடி. ஆண்டவரைப் பீடத்தில் வைத்துவிட்டு அவர் பிள்ளைகளைப் பக்கத்து வாசலில் வைத்தால் பாரம்பரியம்.

என் வீட்டுக்காரரும் ஒரு நாள் மெதுவாக ஆரம்பித்தார். "பரண்ல நமக்கும் இடம் இருக்குல்ல?" இரண்டு நாள் அவருடன் பேசவில்லை. என் விசுவாசம் பெரிசு என்பதால் இல்லை. ஒளிய வேண்டியவர்கள் நாங்கள் இல்லை என்பதால்.

"அப்படியானால் ஏன் இந்த மதத்தில் இருக்கிறீர்கள்?" என்று அக்கறையோடு கேட்கிறவர்கள் உண்டு. கேட்பவர்கள் பெரும்பாலும் நாங்கள் விட்டு வந்த இடத்துக்கே எங்களைத் திருப்பிக் கூப்பிடுகிறவர்கள். அங்கே தேர் எங்கள் தெருவுக்கு வருமா என்று கேட்டால், ஒயரைப் பார்க்க வேண்டும் என்பார்கள்.

எங்கள் சாமியார்கள் இந்தப் பேச்செடுத்தால் சரித்திரம் சொல்வார்கள்: சாதி என்பது வெளியிலிருந்து ஒட்டிய அழுக்கு, சபைக்குள் புகுந்துவிட்டது, மெல்லத்தான் போகும். புகுந்ததா, தாம்பூலம் வைத்து அழைத்தார்களா? 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்ற வெள்ளைக்காரச் சாமியார் காவியும் பூணூலுமாக உயர்ந்த சாதியாரிடம் வேதம் சொன்னார். 1623இல் பாப்பரசர் 15ஆம் கிரகோரி பூணூலுக்கும் குடுமிக்கும் சந்தனத்துக்கும் அனுமதி கொடுத்தார். ஆத்துமா பிழைத்தால் சரி. அடுத்த நூற்றாண்டில், சாகக் கிடக்கும் பறையர் வீட்டுக்குள் குரு நுழைய வேண்டுமா என்று பெரிய வழக்காடல். நுழைந்தால் மற்ற சாதியார் அந்தக் குருவைச் சேர்க்க மாட்டார்களாம். 1744இல் 14ஆம் பெனடிக்ட் காலத்தில் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: பறையர்களுக்கென்றே தனிக் குருக்கள். அவஸ்தைப்பூசுதலுக்கு எண்ணெய் ஒன்று, கை வேறு. தூம்பா இரண்டாக இருப்பதற்கு ரோமாபுரி முத்திரையே இருக்கிறது. எங்கள் ஊர்ப் பெரிய தெருவை மட்டும் குறை சொல்லி என்ன பயன்?

ஆனால் மெல்லத்தான் போகும் என்பதை மட்டும் ஒப்ப மாட்டேன். நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்துக் கோவிலில் வேளாளருக்கு ஒரு பக்கமும் நாடாருக்கு ஒரு பக்கமுமாகத் தடுப்பு இருந்தது. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் கௌசானெல் என்ற பிரெஞ்சுச் சாமியார் அதை இடித்துப்போட்டார். மறுபடி கட்டித் தரச் சொல்லிப் பிள்ளைமார் சென்னை உயர் நீதிமன்றம்வரை போனார்கள். தோற்றார்கள். அவ்வளவுதான். மெல்லவும் இல்லை, விழுங்கவும் இல்லை. அந்நிய தேசத்தில் ஒரு வெள்ளைக்காரருக்குக் கடப்பாரை எங்கே கிடைக்கும் என்று தெரிந்திருக்கிறது. இப்போது தமிழ்நாட்டில் அத்தனை மறைமாவட்டம், அத்தனை தொழிற்பயிற்சிப் பள்ளி, கடப்பாரைக்கு மட்டும் பஞ்சம். அதற்குப் பதில் திட்டம் இருக்கிறது. 1990இல் தமிழக ஆயர்கள் பத்து அம்சத் திட்டம் போட்டார்கள். 2016இல் இந்திய ஆயர்கள் தலித் மேம்பாட்டுக் கொள்கை என்று தனிப் புத்தகமே போட்டு, ஆமாம், சபைக்குள் சாதி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார்கள். ஒப்புக்கொண்டால் பாவப்பரிகாரம் செய்ய வேண்டும் என்று என் மகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் அவர்கள்தான்.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பதற்கு எறையூர் இருக்கிறது. 2008 மார்ச்சில், அன்றைய விழுப்புரம் மாவட்டத்து அந்த ஊரில் தலித் கத்தோலிக்கர் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டார்கள். வன்னியக் கத்தோலிக்கர் கொதித்தார்கள், வீடுகள் நொறுங்கின, போலீஸ் சுட்டது, இரண்டு பேர் செத்தார்கள். செத்தவர்கள் எங்கள் தெருப் பிள்ளைகள் இல்லை, எதிர்த்தெருப் பிள்ளைகள். அவர்களைப் பெற்றவர்களும் சாயங்காலம் ஜெபமாலை சொல்கிறவர்கள்தான். அந்தத் தாய்மார்களை நினைக்கும்போது என் நாக்கில் கிண்டல் நிற்பதில்லை. பெரியவர்கள் காக்கும் மரியாதைக்கு அங்கேயும் பிள்ளைதான் விலை.

2022இல் நட்டாலத்துத் தேவசகாயத்தைப் புனிதராக்கினார்கள். நீலகண்ட பிள்ளையாகப் பிறந்து, ஞானஸ்நானம் வாங்கி, தாழ்த்தப்பட்டவர்களோடு பழகி, 1752இல் ஆரல்வாய்மொழியில் சுடப்பட்டுச் செத்தவர். ரோமாபுரி அவர் பெயரிலிருந்து 'பிள்ளை'யை எடுத்துவிட்டது. எங்கள் பங்கிலும் அவர் சுரூபம் வந்திருக்கிறது. கீழே உபயதாரர் பளிங்குக் கல். புனிதர் பெயரில் சாதி இல்லை. உபயதாரர் பெயரில் முழுசாக இருக்கிறது, பொன் எழுத்தில்.

வருகிற மாதம் உறுதிபூசுதலுக்கு ஆயர் வருகிறார். தோரணம், பேண்டு, பெரிய தெருவில் விருந்து. பீடத்தின் முன்னால் பிள்ளைகளை நிற்க வைத்துக் கேள்வி கேட்பார். கடவுள் எத்தனை, திருச்சபை எத்தனை, ஞானஸ்நானம் எத்தனை. ஒன்று, ஒன்று, ஒன்று என்று என் மகள் தூக்கத்தில்கூடச் சொல்வாள். முடிந்ததும் பிள்ளைகளுக்கு ஏதாவது கேள்வி உண்டா என்று ஆயர் சிரித்தபடி கேட்பது வழக்கம். இதுவரை யாரும் கேட்டதில்லை. இந்தத் தடவை ஒரு கேள்வி இருக்கிறது. அவளே யோசித்தது, நான் சத்தமாகக் கேட்க மட்டும் பழக்கியிருக்கிறேன். நம் பங்கில் தூம்பா எத்தனை, ஆண்டவரே? ஆயர் பதிலை மனப்பாடம் பண்ணிக்கொண்டு வரட்டும்.